சித்திக்கு நுரையீரல் கேன்சர், கீமோவை உடனே ஆரம்பிக்கவா, ஜீன் டெஸ்ட் வர்ற வரைக்கும் பொறுக்கவா?

கல்லிடை_மகன்
திங்கள், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கல்லிடைக்குறிச்சி பக்கம். எங்க சித்திக்கு 52 வயசு, பீடி சுத்துதாவ, ஆனா ஒரு பீடியக் கூட வாயில வச்சது கெடையாது, வீட்லயும் யாரும் குடிக்க மாட்டாவ. போன ஐப்பசில வறட்டு இருமல் ஆரம்பிச்சுது. எக்ஸ்ரே பாத்துட்டு ஒரு இடத்துல டிபின்னு சொல்லி மாத்திர குடுத்தாவ, சளில கிருமி தெரியல, இருந்தாலும் தின்னு பாப்போம்னாவ. நாலு மாசம் தின்னாவ. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதேன்னு சித்தி பயந்தப்ப மாத்திர வேல செய்யுதுன்னு நாங்கதான் தைரியம் சொன்னோம், அத நெனச்சா இப்ப நெஞ்சு அடைக்குது. மாசில மூச்சு வாங்க ஆரம்பிச்சிட்டு, ஸ்கேன் பாத்தா வலது பக்கம் நீர் கோத்திருக்கு. நீர எடுத்து டெஸ்ட் பண்ணதுல அடினோகார்சினோமாங்கிற நுரையீரல் கேன்சர் வகை, ஸ்டேஜ் 4ன்னு எழுதிட்டாவ.

இப்ப பாக்குற டாக்டர் ஜீன் டெஸ்ட் அனுப்பலாம், வர ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுல ஏதாவது தெரிஞ்சா மாத்திரையே போதும்ங்காரு. இன்னொரு இடத்துல கேட்டா அதெல்லாம் எதுக்கு, கீமோவும் இம்யூனோதெரபியும் (உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டுற ஊசியாம்) சேத்து வர்ற வியாழனே போட்டுருவோம்ங்காவ. சித்தப்பா பயந்துபோய் வியாழனே போடுவோம்னு நிக்காரு. எனக்கு ஒண்ணும் ஓடல.

இன்னொண்ணும் கேக்கணும், மரபணு டெஸ்ட்னா பரம்பரை நோயா? தங்கச்சிக்கு மாப்ள பாத்துட்டு இருக்கோம். இந்த வார்த்தையக் கேட்டதுல இருந்து வீட்ல யாரும் வாய தொறக்கல.

ஆழ்வார்குறிச்சி_அக்கா
திங்கள், இரவு 11.41

தம்பி தைரியமா இரு. எனக்கு இதப் பத்தித் தெரியாது, தெரிஞ்சவங்க கண்டிப்பா சொல்லுவாங்க, காலைல வந்து பாரு.

பாளை_ஸ்லைடு
செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் 19 வருசமா பேத்தாலஜி லேப்ல வேல பாக்கேன். டாக்டர் இல்ல, அதனால எந்த மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மொத வேலையா இன்னைக்கே அந்த நீரை டெஸ்ட் பண்ண லேபுக்கு போய் "செல் பிளாக் போட்டீங்களா"ன்னு கேளு. எடுத்த நீரைச் சுத்தவிட்டு அடில தங்குறதச் சேத்து மெழுகுல பதிச்சு வச்சிருப்பாவ, அதுதான் பிளாக். தீப்பெட்டி அளவுல ஒரு பிளாஸ்டிக் கேசட், அதுக்குள்ள வெள்ள மெழுகு, மெழுகுக்கு நடுவுல பழுப்பா ஒரு புள்ளி, அந்தப் புள்ளிதான் உங்க சித்தியோட கேன்சர். ஜீன் டெஸ்ட் பெரும்பாலும் அந்தப் புள்ளில இருந்துதான் பண்ணுவாவ. ஓரத்துல பென்சில்ல நம்பர் எழுதிருக்கும், அது ரிப்போர்ட்ல உள்ள நம்பர்தானான்னு பாத்து வாங்கு. பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கேட்டா குடுப்பாவ.

சில பேரு பத்து மில்லி நீர மட்டும் அனுப்பிட்டு மிச்சத்தக் கொட்டிருதாவ. மறுபடி நீர் எடுத்தா முழுசையும் அனுப்பச் சொல்லு, அதுல உள்ள செல்லு எவ்வளவு கூடுதலா இருக்கோ அவ்வளவுக்கு டெஸ்ட் தோத்துப் போகாது. இன்னொண்ணு, பிளாக்க வாங்கிட்டு பைக் பெட்டிக்குள்ள வச்சு வெயில்ல நிப்பாட்டிராத. அது மெழுகு தம்பி. நம்ம ஊரு பங்குனி வெயிலு தெரியும்லா. போன வருசம் ஒருத்தரு எலும்புல எடுத்த சதைய கொண்டு வந்தாரு, எலும்ப எளக்குறதுக்கு ஆசிட்ல போட்டுருந்தாவ, அதுல டிஎன்ஏ சிதஞ்சுபோய் டெஸ்டே ஓடல, அந்த மனுசனுக்கு மறுபடி ஊசி போட்டு எடுக்க வேண்டியதாப் போச்சு. நீர்ல எடுத்ததுக்கு அந்தப் பிரச்சன இல்ல.

சங்கரன்கோவில்_சேது
செவ்வாய், காலை 9.02

நான் மாத்திச் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் டெஸ்ட் டெஸ்ட்னு 24 நாள் போச்சு. காசு கட்டி சாம்பிள் அனுப்பி கடைசில ஒண்ணும் இல்லன்னு வந்துது. அதுக்குள்ள அவரால எந்திரிக்க முடியல, கீமோ தாங்க மாட்டாருன்னுட்டாவ. அந்த 24 நாளு திரும்பி வருமா? டாக்டர் சொன்னா உடனே ஆரம்பிச்சிருங்க.

நெஞ்சக_மாணவி
செவ்வாய், மதியம் 2.30

சேது அண்ணாச்சி, உங்க அப்பாவுக்கு நடந்தத படிச்சு மனசு கஷ்டமாப் போச்சு. நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ரிப்போர்ட்ல ஸ்குவாமஸ்னு வேற வகையா இருந்துதா? அப்பா பீடி சிகரெட் குடிச்சவங்களா? அப்படிப்பட்டவங்களுக்கு இந்த ஜீன் மாற்றம் இருக்குறது அபூர்வம், அதான் கேக்கேன்.

நான் வீரவநல்லூர்காரி, நுரையீரல் மருத்துவம் மேல்படிப்பு படிக்கேன். கல்லிடை தம்பிக்கு கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், பொறுமையாப் படிங்க, சித்தப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

முதல்ல தங்கச்சி விசயம். நம்ம தமிழ்ல மரபணுன்னு சொன்னதும் பரம்பரைன்னு நெனச்சிருதோம். இங்க பாக்கப்போறது சித்தி பொறந்தப்ப வாங்கிட்டு வந்த மரபணு இல்ல. நுரையீரல்ல ஏதோ ஒரு செல்லுல பின்னாடி ஏற்பட்ட மாற்றம், கட்டிக்குள்ள மட்டும் இருக்கும். பிள்ளைக்கு போகாது. குடும்ப வழியா வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். தங்கச்சிக்கு டெஸ்டும் வேண்டாம், மாப்ள வீட்ல மறைக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல. இத வீட்ல இன்னைக்கே சொல்லிருங்க.

அடுத்து எதுக்கு இந்த டெஸ்ட். ஈஜிஎஃப்ஆர்னு செல்லு மேல ஒரு புரதம், வளருன்னு சிக்னல் வந்தா உள்ள கடத்துற வேல அதுக்கு. சில கேன்சர்ல அதோட ஜீன் மாறிப்போய் சிக்னல் வராமலே எப்பவும் வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், ஸ்விட்ச் ஆஃப் ஆகாத மோட்டார் மாதிரி. எக்ஸான்னா ஜீன்ல ஒரு பகுதி. எக்ஸான் 19ல ஒரு துண்டு விட்டுப்போறது, எக்ஸான் 21ல எல்858ஆர்னு ஒரு மாற்றம், இந்த ரெண்டும்தான் அதிகம். ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் இதெல்லாம் அந்த மோட்டார நிறுத்துற மாத்திரை. 2004ல தான் இந்த மாற்றம் இருக்கவங்களுக்குத்தான் ஜெஃபிடினிப் நல்லா கேக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு கேக்கும் இன்னொருத்தருக்கு கேக்காது, ஏன்னு யாருக்கும் தெரியாது.

2009ல கிழக்காசிய நாடுகள்ல ஐபாஸ்னு ஒரு ஆய்வு வந்துது, 1217 பேரு, பெரும்பாலும் புகை பிடிக்காதவங்க. ஜீன் மாற்றம் இருந்தவங்கள்ல ஜெஃபிடினிப் குடுத்ததும் 100க்கு 71 பேருக்கு கட்டி சுருங்குச்சு. மாற்றம் இல்லாதவங்கள்ல 100க்கு 1 ஆளுக்குத்தான், அவங்களுக்கு கீமோதான் நல்லா கேட்டுது. ஒரே மாத்திரை, ஒரே பேருள்ள நோய், 71க்கும் 1க்கும் உள்ள தூரத்தப் பாருங்க. டெஸ்ட் பாக்காம மாத்திரை குடுக்கவும் கூடாது, டெஸ்ட் பாக்காம மாத்திரைய விட்டுறவும் கூடாதுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்குத்தான். பொம்பளைங்க, புகை பிடிக்காதவங்க, அடினோகார்சினோமா, இந்த மூணும் சேந்த சித்தி மாதிரி ஆளுங்களுக்கு மாற்றம் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லன்னாலும் ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1னு வேற ஜீன்ல மாற்றம் இருக்கலாம். நுரையீரல் கேன்சர்ல ஏஎல்கே மாற்றம் 2007ல ஜப்பான்ல கண்டுபிடிச்சது, 100 பேர்ல 3ல இருந்து 5 பேருக்குத்தான் இருக்கும், ஆனா இருந்தா அலெக்டினிப் மாதிரி மாத்திரைல சராசரியா மூணு வருசம் வரைக்கும் நோய் கட்டுப்பட்டு நிக்கும்.

இப்ப வியாழக்கிழமை விசயம். இதுல நான் ரொம்ப அழுத்தமா சொல்லுதேன். ஜீன் ரிசல்ட் வராம இம்யூனோதெரபி போட விடாதீங்க. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே உள்ளவங்களுக்கு அது சரியா கேக்காது. அத விட மோசம், அந்த ஊசி மாசக்கணக்கா உடம்புல தங்கும், அதுக்குப் பின்னாடி ஓசிமெர்டினிப் குடுத்தா நுரையீரல்ல கடுமையான அழற்சி வர வாய்ப்பு கூடிரும். அதனால பின்னாடி கெடைக்க வேண்டிய நல்ல மருந்தே ஆபத்தா மாறிரும்.

அப்படின்னா சும்மா காத்திருக்கணுமான்னா, இல்ல. மூச்சு வாங்குறதுக்கு காரணம் அந்த நீருதான், அத குழாய் வச்சு எடுத்தாலே நிம்மதியாகும். டெஸ்டுக்கும் நீர் கெடைக்கும். பிளாக் போறப்பவே, ரத்தத்துல கலந்திருக்க கேன்சர் டிஎன்ஏவப் பாக்குற ஜீன் டெஸ்டும் அனுப்பலாம், அது சீக்கிரம் வரும். நிலைமை தாங்காதுன்னு டாக்டர் நெனச்சா, இம்யூனோ இல்லாம கீமோ மட்டும் ஒரு சுத்து போட்டுட்டு ரிசல்ட் வந்ததும் மாத்திக்கலாம், அதுல ஒண்ணும் கெட்டுப்போகாது. பெமெட்ரெக்ஸட்ங்கிற கீமோ மருந்து போடுறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் ஆரம்பிக்கணும், அதனால அத இன்னைக்கே ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க. சேது அண்ணாச்சி அப்பாவுக்கு நடந்த மாதிரி நாள் வீணாப் போகாம இருக்க இதுதான் வழி.

கடைசியா டிபி மாத்திரை. இன்னும் சாப்பிடுறாங்களா?

சங்கரன்கோவில்_சேது
செவ்வாய், மாலை 5.10

ஆமாம்மா, ஸ்குவாமஸ்னுதான் எழுதிருந்துது. 40 வருசம் பீடி குடிச்சாரு. இந்த வித்தியாசத்த எங்களுக்கு யாரும் சொல்லல. நீங்க சொன்ன மாதிரி நடுவுல ஒரு சுத்து கீமோ போட்டுருக்கலாம்னு யாராவது சொல்லிருந்தா... சரி விடுங்க. தம்பி, நான் காலைல சொன்னத விட்ரு, இந்தப் பிள்ள சொல்றதக் கேளு.

கல்லிடை_மகன்
செவ்வாய், இரவு 8.45

அக்கா நீங்க எழுதுனத சித்தப்பாகிட்ட ரெண்டு தடவ வாசிச்சேன். தங்கச்சி விசயம் வந்ததும் சித்தி எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிட்டாவ, அழுதாவளான்னு தெரியல, வெளிய வந்து எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தாவ.

டிபி மாத்திர இன்னும் தின்னுட்டுதான் இருக்காவ. நிறுத்தலாமான்னு யாரும் சொல்லல. பிளாக் லேப்ல பத்திரமா இருக்கு, நாளைக்கு வாங்குதேன் அண்ணாச்சி.

நெஞ்சக_மாணவி
செவ்வாய், இரவு 9.30

அதுல ரிஃபாம்பிசின் இருக்கும், ஒண்ணுக்கு ஆரஞ்சா போனது அதனாலதான். அது ஈரல்ல மருந்த உடைக்கிற வேலைய முடுக்கி விட்டுரும், ஜெஃபிடினிப் கூட சேந்தா ரத்தத்துல மருந்து அளவு 80 சதவீதத்துக்கு மேல கொறஞ்சிரும். மாத்திரை தின்னும் தின்னாத மாதிரிதான். ஓசிமெர்டினிப்புக்கும் இதே கததான். நீங்களா நிறுத்த வேண்டாம், டிபி உண்மையிலேயே இருக்கான்னு டாக்டர் முடிவு பண்ணி அவங்க நிறுத்தணும். நிறுத்துன பின்னாடியும் அந்த வேகம் அடங்க ரெண்டு வாரம் ஆகும். ரிசல்ட் வர்றதுக்கும் அவ்வளவு நாள் ஆகும்லா, ரெண்டும் சேந்து ஓடிரும்.

நம்ம பக்கத்துல இது அடிக்கடி நடக்குது. எக்ஸ்ரேல நிழல், சளில கிருமி இல்ல, உடனே டிபின்னு மருந்து. ரெண்டு மாசத்துல இருமலும் எக்ஸ்ரேயும் மாறலன்னா சிடி ஸ்கேன் எடுக்கணும், ஊசி குத்தி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். புகை குடிக்காத பொம்பளைக்கு கேன்சர் வராதுங்கிற நெனப்புதான் இவ்வளவு நாள இழுத்துருது. நீங்க குத்தவாளி மாதிரி நெனச்சுக்கிடாதீங்க தம்பி, சளில கிருமி இல்லன்னதுமே மேல தேடிருக்க வேண்டியது மருந்து எழுதுனவங்க.

மேலப்பாளையம்_மகள்
புதன், காலை 10.15

எங்க வாப்பாவுக்கு 2018ல எல்858ஆர்னு வந்துச்சு. நடந்தத அப்படியே சொல்றேன், ஒங்களுக்கு எதாச்சும் உதவும்.

ஜெஃபிடினிப் 250, தினம் ஒண்ணு. பத்து நாள்ல இருமல் கொறஞ்சு ஃபஜ்ரு தொழுகைக்கு பள்ளிவாசலுக்கு நடந்து போக ஆரம்பிச்சிட்டாங்க. மூணாவது வாரம் மூஞ்சி நெஞ்செல்லாம் பரு மாதிரி பொரிஞ்சுச்சு, பயந்துபோய் மாத்திரைய நாலு நாள் நிறுத்திட்டோம், டாக்டர்கிட்ட போனா ஏம்மா நிறுத்துனீங்க, இது வர்றதுதான், கிரீம் போடுங்க, வெயில்ல போகாதீங்கன்னு சொல்லி ஒரு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, அடங்கிருச்சு. வயித்துப்போக்கும் வந்துச்சு. அதவிட நகம். கால் பெருவிரல் நகத்தோட ஓரத்துல சதை வீங்கி செவந்து, செருப்பு போட முடியாது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணில வச்சு, களிம்பு போட்டு, நகத்த ஒட்ட வெட்டாம பாத்துக்கிட்டோம்.

13 மாசத்துல மறுபடி வளந்துருச்சு. இது அநேகமா எல்லாருக்கும் ஒரு நாள் நடக்கும், மனச தயார் பண்ணிக்கணும், கேன்சர் செல்லு புதுசா ஒரு மாற்றத்தப் போட்டுக்கிட்டு மாத்திரைய ஏமாத்திரும். டி790எம்னு பேரு, பாதிப் பேருக்கு மேல அதுதான்னு சொன்னாங்க. ரத்தத்துல பாத்தா இல்லன்னு வந்துச்சு, எங்களுக்கு மனசு விட்டுப்போச்சு. டாக்டர்தான் ரத்தத்துல இல்லன்னா இல்லன்னு அர்த்தம் கெடையாது, ரத்தத்துல கேன்சரோட டிஎன்ஏ போதுமான அளவு கலக்கலன்னாலும் இப்படி வரும்னு சொல்லி கட்டில இருந்தே எடுத்தாங்க. அதுல இருந்துச்சு. ஓசிமெர்டினிப் 80க்கு மாத்துனாங்க, மூளைக்குப் போன சின்னச் சின்னக் கட்டியும் சுருங்கிருச்சு, அந்த மாத்திர மூளைக்குள்ளயும் போகுமாம். இன்னும் 22 மாசம். பேத்தி நிக்காஹ்ல மொத வரிசைல ஒக்காந்திருந்தாங்க. 2021ல மவுத்தாயிட்டாங்க. மூணு வருசம் எங்க கூட இருந்தாங்க, படுக்கைல இல்ல, எந்திரிச்சு நடமாடி இருந்தாங்க.

பயணம்தான் கஷ்டம். திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ, வேலூருக்கு ஒரு தடவன்னு அலஞ்சோம். எங்க போனாலும் அந்த பிளாக்கத்தான் மொதல்ல கேட்டாங்க.

தென்காசி_மெடிக்கல்
புதன், இரவு 9.50

கடை அடச்சிட்டு இப்பத்தான் பாக்கேன். காசு விசயம் யாரும் பேசல.

ஜெஃபிடினிப் நம்ம நாட்டுக் கம்பெனிங்க நெறைய பேரு போடுதாவ, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு கட்டுபடி ஆகும். ஓசிமெர்டினிப் ஒரிஜினல் பிராண்டு மாசத்துக்கே லட்சத்தத் தாண்டுற வெல. 2024 ஜூலை பட்ஜெட்ல அதுக்கு சுங்க வரிய எடுத்தாவ, கொஞ்சம் எறங்குச்சு, அப்பவும் பீடி சுத்துற வீட்டுக்கு எட்டாது. கம்பெனியோட உதவித் திட்டம் இருக்கும், சில மாசம் வாங்குனா மிச்சத்த சும்மா குடுக்குற மாதிரி, டாக்டர்தான் எழுதிக் குடுக்கணும், வெக்கப்படாம கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம். இல்லன்னா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல உள்ள காப்பீட்டு மையத்துல வருமானச் சான்றோட போங்க, தாமசிக்காதீங்க. டெஸ்டும் மாத்திரையும் அதுல வருமான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே எழுதி வாங்கிக்கிடுங்க.

பங்களாதேஷ் மாத்திரைன்னு வாட்ஸ்அப்ல விக்கிறத வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்.

ஜெஃபிடினிப் சாப்புடுதவங்க கேஸ் மாத்திரைன்னு ஒமிப்ரசோல், பாண்டப்ரசோல் சேத்துத் தின்னக் கூடாது, வயித்துல அமிலம் கொறஞ்சா மாத்திர சரியா கரையாது, பாதி மருந்து உள்ள ஏறாமலே போயிரும். நம்ம ஊர்ல எந்த மருந்து எழுதுனாலும் கூட ஒரு கேஸ் மாத்திர எழுதிருதாவ, அதான் சொல்லுதேன். நாட்டு மருந்து, கசாயம்னு யாராவது குடுத்தா டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க. இது எதுக்கும் கேக்காத மருந்து இல்ல, நல்லா கேக்குற மருந்து, அத நாமளே கெடுத்துறக் கூடாது.

கல்லிடை_மகன்
20 நாளுக்கு அப்புறம், ஞாயிறு, மாலை 6.00

எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன், அலச்சல்ல முடியல. வியாழன் இம்யூனோ போடல. அன்னைக்கே குழாய் வச்சு ஒண்ணேகால் லிட்டர் நீர் எடுத்தாவ, அன்னைக்கு ராத்திரிதான் சித்தி சாஞ்சு படுத்து தூங்குனாவ, அதுவரைக்கும் ரெண்டு வாரமா தலையணைய மடில வச்சு குனிஞ்சே ஒக்காந்திருப்பாவ. நீர் முழுசும் லேபுக்கு போச்சு, பாளை அண்ணாச்சி சொன்ன மாதிரி நானே கைல கொண்டு போனேன். டிபி மாத்திரய டாக்டரே நிறுத்திட்டாரு.

நேத்து ரிசல்ட் வந்துது. எக்ஸான் 19 டிலீஷன், அக்கா சொன்ன துண்டு விட்டுப்போறது. ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 இல்ல. டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, ஒரு கேன்சர் ரிப்போர்ட்டப் பாத்து டாக்டர் சிரிக்கிறத நான் மொத தடவ பாக்கேன்.

ஓசிமெர்டினிப்பா, ஜெஃபிடினிப்போட கீமோ சேக்குறதான்னு கேக்காரு. காசு நமக்கு தெரிஞ்சதுதான். எதுக்கு போகலாம்?

நெஞ்சக_மாணவி
ஞாயிறு, இரவு 10.05

ரொம்ப சந்தோசம் தம்பி. நிஜமாவே.

ஓசிமெர்டினிப் தனியா குடுத்தா நோய் கட்டுக்குள்ள நிக்கிற காலம் சராசரி 18.9 மாசம், பழைய மாத்திரைங்க தனியா 10.2 மாசம், இது ஃப்ளாரா ஆய்வு. காசு இருந்தா, இல்ல உதவித் திட்டம் கெடச்சா அதுதான் லேசு, மாத்திரை மட்டும்தான், பக்க விளைவும் கம்மி. மூளைல ஏதும் இருந்தா நான் கண்டிப்பா அதத்தான் சொல்லுவேன், எம்ஆர்ஐ எடுத்தாச்சா?

ஆனா மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரில நம்ம நாட்டு நோயாளிங்க 350 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2020ல வெளியாச்சு. ஜெஃபிடினிப் தனியா 8 மாசம், ஜெஃபிடினிப்போட பெமெட்ரெக்ஸட், கார்போபிளாட்டின் சேத்தா 16 மாசம். வேற வேற ஆய்வு, அதனால 16அயும் 18.9அயும் நேருக்கு நேர் வச்சுப் பாக்கக் கூடாது. ஆனா கைக்கு எட்டுற மருந்துல இவ்வளவு தூரம் போகலாம்னு காட்டுன ஆய்வு, எனக்கு அதுமேல பெரிய மரியாதை. கீமோவால ரத்த அணு கொறையும், வாந்தி இருக்கும், சித்தி நடமாடுறதப் பாத்தா தாங்குவாங்க. கடன் வாங்கி ரெண்டு மாசம் ஓசிமெர்டினிப் வாங்கி மூணாவது மாசம் நிறுத்துறத விட, விடாம குடுக்க முடியுற மருந்து நல்லது. இதுதான் என் அபிப்பிராயம், முடிவு உங்க டாக்டரோடது.

கல்லிடை_மகன்
மேலும் ஐந்து வாரம் கழிச்சு, சனி, காலை 7.30

எம்ஆர்ஐல மூளை சுத்தமா இருந்துது. ஜெஃபிடினிப்பும் கீமோவும் ஆரம்பிச்சு ரெண்டு சுத்து முடிஞ்சுது. நீர் மறுபடி கோக்கல. இருமல் காலைல மட்டும் லேசா. மூஞ்சில பரு வந்துது, மேலப்பாளையம் அக்கா சொன்னதால யாரும் பயப்படல, மாத்திரய ஒரு நாள் கூட விடல.

ஒரே பிரச்சன, நேத்து பாத்தா சுளக மடில வச்சுக்கிட்டு இலை நறுக்க ஒக்காந்துட்டாவ. சும்மா இருந்தா கோட்டி புடிச்சிரும்ங்காவ. பீடி முனைய நகத்தாலதான மடக்கணும், வலது கை கட்டவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் நகத்தோரம் வீங்க ஆரம்பிச்சிட்டு. என்ன செய்ய?

மேலப்பாளையம்_மகள்
சனி, காலை 8.10

புகையிலைத் தூள் இப்ப அவங்களுக்கு ஆகாது, அத மொதல்ல எடுத்து ஒளிச்சு வைங்க. இலை மட்டும் நறுக்கணும்னா நறுக்கட்டும், கத்தரிக்கோல் வளையத்துல பஞ்சுத் துணி சுத்திக் குடுங்க, நகத்துல படாம இருக்கும். சுருட்டுறதும் மடக்குறதும் தங்கச்சி பாக்கட்டும். ராத்திரி உப்புத்தண்ணி பத்து நிமிசம், தொடச்சிட்டு களிம்பு. சீழ் வச்சா காத்திருக்காம அன்னைக்கே போய் காட்டுங்க. எங்க வாப்பாவுக்கு எழுதிக் குடுத்த களிம்பு பேர தனியா அனுப்புறேன், ஒங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்குங்க.